சாறு சாரும் சீட்டில்லா மருந்தும்

உங்களுக்கு முழங்கால் வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து வெளியில் சொல்லிவிடாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடங்கள். ஏனென்றால், "அம்மா" என்று முனகி நீங்கள் வாயை மூடுவதற்குள், பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ வேலையாக இருந்த ஒரு மனிதர் மெதுவாகத் திரும்புவார், உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், நேரே முழங்காலைப் பார்ப்பார், 'ச்சு' கொட்டுவார், பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பார்: "இதுக்குப் போயா மாத்திரை போடுறீங்க?" மாத்திரை போட்டதாக நான் சொல்லவே இல்லையே என்கிறீர்களா? அதெல்லாம் அவருக்குத் தெரியும். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

இந்த இனத்துக்குச் சாற்று வைத்தியர் என்று பெயர் வைத்திருக்கிறேன். மூலிகையை முறையாகப் படித்து, ஆளைப் பார்த்து, அளந்து மருந்து கொடுக்கிறவர்களை இதில் சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் வேறு சாதி. ஓர் இலையைச் சொல்வதற்கு முன் ஒன்பது கேள்வி கேட்பார்கள். நம் ஆசாமி கேள்வியே கேட்கமாட்டார். அவரிடம் இருப்பதெல்லாம் பதில்தான்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். தெருவில் போகும்போது எல்லோரும் எதிரே வருகிற வண்டியைப் பார்ப்பார்கள், இவர் சாக்கடையோரத்துச் செடியைப் பார்ப்பார். பைக்குள் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும். அதற்குள் பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் நிறத்தில் ஒன்று இருக்கும். மூடியைத் திறந்தால் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து ஜன்னலைத் திறப்பார். மனிதர்களை அவர் பெயரால் நினைவு வைத்துக்கொள்வதில்லை. "யாரு, அந்த இடது கணுக்கால் வீக்கமா? நல்ல மனுஷன்." "யாரு, அந்த ரெண்டு மடிப்புத் தொப்பையா? சொன்னா கேக்கமாட்டாரு." உலகத்தில் அவருக்கு இரண்டே இரண்டு வியாதிதான். ஒன்று வீக்கம், இன்னொன்று கொழுப்பு. காதுவலியும் தூக்கமின்மையும் மாமியாரின் கோபமும்கூட, தோண்டித் துருவி விசாரித்தால், உள்ளே எங்கேயோ வீங்கியிருப்பதால் வருவதுதான்.

நான் சொல்லப்போகிறவர் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே எல்லோரும் அவரைச் 'சாறு சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த அச்சகத்தில் காலண்டர் அடிப்பதில்லை, நோட்டீஸ் அடிப்பதில்லை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக, பதினாறாக மடித்து ஒரு சீட்டுச் செருகியிருக்குமே, பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக அதை எடுத்துக் குப்பையில் போடுகிறீர்களே, அந்தச் சீட்டு மட்டும்தான் அடிப்பார்கள். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிற மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அச்சுப்பிழை திருத்துகிற, அதாவது புரூஃப் பார்க்கிற, நம் சாறு சார். இருபத்திரண்டு வருஷமாக, காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எறும்பளவு எழுத்தில், வாந்தி, மயக்கம், தோல் தடிப்பு, வாய்ப்புண், கண் மங்கல், கை நடுக்கம், 'மிக அரிதாக மரணம்' என்று வாசித்து, மரணத்துக்குப் பின்னால் முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தால் அதையும் சிவப்பு மையால் வைத்து, கையெழுத்துப் போட்டு மெஷினுக்கு அனுப்புகிற ஒருவருடைய மனசு என்னத்துக்கு ஆகும்? மாத்திரை என்ற சொல்லைக் கேட்டாலே சாறு சார் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொள்வார்.

அதிலிருந்து ஒரு தத்துவம் பிறந்தது. மாத்திரைக்குச் சீட்டு உண்டு. சீட்டில் பக்கவிளைவு உண்டு. இலைக்குச் சீட்டு கிடையாது. ஆகவே?

"எந்தச் செடியிலயாவது அடியில மடிச்சுச் செருகின பேப்பரைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்பார். யாரும் பார்த்ததில்லை. "பாத்தீங்களா!" என்பார். 

வீட்டில் அவருடைய மனைவி இந்த விஷயத்தில் எப்போதோ தேறிவிட்டார். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் கொதிக்கும்போதும், "எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரையை விழுங்குவார். சந்தோஷமான தம்பதிதான். ஒருவர் உடம்பைப் பற்றி ஒருவர் உண்மை பேசுவதில்லை, அவ்வளவுதான்.

சாறு சாரைப் பழங்காலத்து ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஆராய்ச்சி மனிதர். டீ நேரத்தில் எல்லோரும் போனில் கிரிக்கெட் பார்க்க, இவர் எலி பார்ப்பார். அச்சகத்தின் பின்பக்கம், கழிவுக் காகிதம் கட்டிப் போடுகிற இடத்தில், மதிலின் மேல் ஒரு கொடி படர்ந்திருந்தது. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. அந்தக் கொடியின் இலையை எங்கேயோ ஒரு கல்லூரியில் யாரோ காயவைத்து, சாறு இறக்கி, எலிக்குக் கொடுத்துப் பார்த்ததாக ஒரு கட்டுரை அவர் கண்ணில் பட்டது. அன்றைக்குப் பிடித்தது சனி.

அந்த ஆராய்ச்சிக்காரர்கள் பாவம், யோக்கியமானவர்கள். எலிகளில் வீக்கம் ஓரளவு தணிந்தது, கொழுப்பு ஓரளவு குறைந்தது, மனிதருக்குப் பொருந்துமா என்பதை இனிமேல்தான் பார்க்கவேண்டும், பொருந்தினால் பயன்படக்கூடும் என்று அடக்கமாக எழுதியிருந்தார்கள். அந்த 'பயன்படக்கூடும்' சாறு சாரின் கண் வழியாக உள்ளே போய் வாய் வழியாக வெளியே வருவதற்குள் 'கைகண்ட மருந்து' ஆகிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஒரு புள்ளியைத் தவறவிடாத மனிதர் எப்படி இதைத் தவறவிட்டார் என்கிறீர்களா? அங்கே படிப்பது சம்பளத்துக்கு. இது ஆசைக்கு. ஆசைக்குப் படிக்கிறவனுக்குத் தனக்கு வேண்டிய வரிதான் கண்ணில் படும்.

அளவு கண்டுபிடித்த விதம் இன்னும் அழகு. எலிக்கு அதன் உடம்பு எடையில் கிலோவுக்கு நானூறு மில்லிகிராம் கொடுத்ததாகக் கட்டுரையில் இருந்தது. சாறு சார் ஒரு பழைய புரூஃபைத் திருப்பிப் போட்டுப் பெருக்க ஆரம்பித்தார். பக்கத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் கணக்கு?"

"மேனேஜருக்கும்மா. தொண்ணூறு கிலோ இருக்காரு. நானூறால பெருக்கினா முப்பத்தாறு கிராம் வருது."

"அவங்க காய வெச்சு, சாறு எடுத்து, அதையும் வத்தவெச்சுப் பொடியாக்கிக் குடுத்திருப்பாங்க. நீங்க பச்சை இலையில்ல அரைக்கப் போறீங்க?"

"அதுவும் சரிதான். அப்ப இன்னும் ரெண்டு கைப்பிடி சேத்துக்குவோம்."

"எலிக்கு என்ன ஆச்சு சார் கடைசில?"

"இளைச்சுது."

"அப்புறம்?"

சாறு சார் போனை மேலே தள்ளி வாசித்தார். எட்டாவது வாரக் கடைசியில் எலிகள் அத்தனையையும் கொன்று, வயிற்றை அறுத்து, கொழுப்பைத் தனியே எடுத்துத் தராசில் வைத்திருந்தார்கள். அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்புறம் நல்லபடியா முடிஞ்சுது" என்றார்.

மேனேஜர் குடித்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தினமும் பதினோரு மணிக்கு ஒரு டம்ளர். ஒரே மாதத்தில் நாலு கிலோ இறங்கிவிட்டார். அச்சகமே வாயைப் பிளந்தது. அந்த மாதம் முழுக்க லிப்ட் ரிப்பேர் என்பதும், மேனேஜரின் அறை ஐந்தாவது மாடியில் இருக்கிறது என்பதும், மெஷினோ கீழ்த்தளத்தில் இருக்கிறது என்பதும், மனிதர் ஒரு நாளைக்கு நாலு தடவை மேலும் கீழும் நுரை தள்ள ஏறி இறங்கினார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் மாடிப்படிக்கு யாராவது நன்றி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? லிப்ட் சரியானதும் நாலு கிலோவும், துணைக்கு ஒரு கிலோவும் திரும்பி வந்தன. "மழை பேஞ்சதுல இலையோட சத்து இறங்கிடுச்சு" என்று சாறு சார் தீர்ப்புச் சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டார்கள்.

இதுவரைக்கும் சிரித்தாயிற்று. சிரிப்பைக் கொஞ்சம் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். சாறு சாருக்கு ஓர் அக்கா இருந்தார்.

அக்காவுக்குத் தையல்கடை. பள்ளிக்கூடச் சீருடைதான் தொழில். அத்தான் இறந்தபிறகு அந்த வீட்டுக்குச் சோறு போட்டதும், மகளைப் படிக்கவைத்ததும் அக்காவின் பத்து விரல்கள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த விரல்களின் மூட்டெல்லாம் வீங்கிக்கொண்டது. காலையில் எழுந்தால் கை மடங்காது, கத்தரிக்கோலின் வளையத்துக்குள் விரல் போகாது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, வாரத்துக்கு ஒன்று போடுகிற மாத்திரையும், தினம் ஒன்று போடுகிற சின்ன மாத்திரையுமாக எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. அக்கா மறுபடியும் துணி வெட்டினார். ஆனால் அந்தச் சின்ன மாத்திரையால் முகம் உருண்டது, இடுப்புப் பெருத்தது. ஊருக்கெல்லாம் டேப் பிடித்து அளவெடுக்கிறவர் தன் அளவை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். கடையில் துணி போட்டுப் பார்க்கிற நிலைக்கண்ணாடியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.

சாறு சார் அதைக் கவனித்தார். அங்கே வீக்கம், இங்கே கொழுப்பு. இரண்டும் ஒரே உடம்பில், அதுவும் சொந்த அக்காவின் உடம்பில்! அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அக்கா, ரெண்டுக்கும் ஒரே இலை. வீக்கமும் வத்தும், உடம்பும் இளைக்கும். எலிக்கே இறங்கியிருக்கு."

"சாறு வேணும்னா குடிக்கிறேன்டா. மாத்திரையை நிறுத்தக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"அவங்க சொல்லத்தான் சொல்வாங்க. இந்தச் சின்ன மாத்திரையோட சீட்டை அடிச்சது யாரு? எங்க பிரஸ். புரூஃப் பாத்தது யாரு? நான். எனக்குத் தெரியாததாக்கா?" என்று சொல்லிவிட்டு, சீட்டைக் கையில் வாங்காமலே, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். முகம் உப்புதல். எடை கூடுதல். எலும்பு பலம் குறைதல். தூக்கம் கெடுதல். கண்ணில் புரை. கமா எங்கே, புள்ளி எங்கே என்பதுகூட அந்த ஒப்புவிப்பில் கேட்டது.

சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்கா மகள் தலையைத் தூக்கினாள். "மாமா, எதுக்கும் டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடலாமே?"

"நீ காஜாவைப் பாரு."

அக்கா திருப்பி வைத்திருந்த கண்ணாடியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "நம்ம வீட்டுலயே படிச்சு அதுல சம்பாதிக்கிறவன் நீ ஒருத்தன்தான். நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்றார். மாத்திரைப் பெட்டிகள் நூல்கண்டு டப்பாவுக்குள் போயின.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனிதர் கெட்டவர் இல்லை. அக்கா என்றால் அவருக்கு உயிர். விடிவதற்கு முன் எழுந்து, அச்சகத்துக்குப் போய் மதிலேறி இலை பறித்துவந்து, தண்ணீரில் மூன்று தடவை அலசி, மனைவி முகம் சுளிக்கச் சுளிக்க அரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அக்காவின் எடைக்கு எலிக்கணக்குப் போட்டு, அதற்கு மேல் அன்புக்கு ஒரு கைப்பிடி சேர்த்து, வேலைக்குப் போகிற வழியில் கடை வாசலில் நின்று குடிக்கவைத்துவிட்டுத்தான் போவார். கசப்பு குடலைப் புரட்டும். குடித்து முடித்ததும் அக்காவின் முகத்தை அவர் பார்க்கிற ஆவலைப் பார்த்தால், கசக்கிறது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

முதல் சில நாள் ஒன்றும் ஆகவில்லை. உடம்பில் மிச்சமிருந்த பழைய மருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. சாறு சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "பத்து நாளா மாத்திரையே இல்லை, எங்க அக்கா ஜம்முனு இருக்காங்க" என்று அச்சகத்தில் மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னார். பதினோராம் நாள் அக்காவின் கட்டைவிரல் வீங்கியது. அப்புறம் மற்ற விரல்கள். அப்புறம் மணிக்கட்டு. உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது, சோறு இறங்கவில்லை.

"என்னடா இது, பழையபடி வருது?"

"வருதுல்ல? அதான் வேணும். நோய் வெளியே வருதுக்கா. உள்ள குடியிருந்தது வெளிய போகும்போது கதவை நாலு இடி இடிச்சுட்டுத்தான் போகும்."

இந்த ஒரு வாசகத்துக்காகவே இந்த இனத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம். வலி குறைந்தால் இலையால் குறைந்தது. வலி கூடினால் இலை வேலை செய்கிறது. தோற்கவே முடியாத வழக்கு! எந்த வக்கீலுக்கு இது வாய்க்கும்?

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நூற்று நாற்பது ஜோடி சீருடைக்கு ஆர்டர் வந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அக்கா கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தார். பேனா பிடிக்க முடியாமல், அளவை வாயால் சொல்லி மகளை எழுதவைத்தார். தம்பி வருகிற நேரத்துக்கு மட்டும் இரண்டு கையையும் துணிக்குள் வைத்துக்கொள்வார். "மாமாகிட்ட சொல்லாத, பாவம், ஓடி ஓடிச் செய்யுறான்" என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, அச்சகத்தில் பாட்டில் மூடி திறக்கிற நேரத்தில், அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. "அம்மா துணி வெட்டுற மேஜையில இருந்து கீழே சாஞ்சுட்டாங்க மாமா. பேச்சு மூச்சில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். வாங்க." அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் குரலில் மாமா என்ற சொல் கல்லாக இருந்தது.  சாறு சார் லிப்டுக்குக்கூட நிற்காமல் படியில் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குக் கண் திறந்திருந்தது. கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த வலதுகையைச் சாறு சார் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார். விரல்கள் ஒவ்வொன்றும் இரண்டு விரல் பருமனுக்கு, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, நடுவிரல் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கதவை இடித்துக்கொண்டு வெளியே போகிறது என்று சொன்னவர் போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினார்.

டாக்டரம்மா தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ரத்த அழுத்தம் இவ்வளவு கீழ போயிருக்கு. மாத்திரையை நிறுத்தினீங்களா?"

"ஆமாங்க."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

 அக்கா மகள் சுவரில் சாய்ந்து நின்றபடி மாமாவையே பார்த்தாள்.

"யாரும் சொல்லலை டாக்டரம்மா" என்றார் அக்கா. "குண்டாயிட்டே போறேனேன்னு நானாத்தான் நிறுத்தினேன். எம்மேலதான் தப்பு."

"எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிவிட்டு, அக்கா மகள் கொண்டுவந்திருந்த பையிலிருந்து சின்ன மாத்திரையின் பெட்டியை எடுத்து, உள்ளே இருந்த சீட்டை உருவிச் சாறு சாரிடம் நீட்டினார். "நீங்க இவங்க தம்பிதானே? படிச்சவர் மாதிரி இருக்கீங்க. நாங்க சொன்னா இவங்க காதுல ஏறமாட்டேங்குது. இங்க, தடிச்ச எழுத்துல இருக்கு பாருங்க, அதைச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க."

பதினாறு மடிப்பு. சாறு சார் பிரித்தார். அடியில் அவருடைய அச்சகத்தின் எண் இருந்தது. தடித்த எழுத்தில் இருந்த வரியைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் நினைவு வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் எழுத்துக் கோக்கும்போது இந்த வரி விட்டுப்போயிருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் அப்படியே போயிருக்கும். மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு வரி குறைகிறதே என்று கண்டுபிடித்து, ஓரத்தில் சிவப்பு மையால் முழு வரியையும் எழுதி, வட்டம் போட்டு உள்ளே இழுத்துவிட்டது அவர்தான். மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தார் அன்றைக்கு. வரி இருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, அந்த வரி யாருக்கு என்ன சொல்கிறது என்று அவர் அன்றும் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை.

"வாசிங்க சார்."

"இந்த மாத்திரையை..." என்று ஆரம்பித்தார். சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "இந்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து நேரலாம்."

"கேட்டுக்கிட்டேன்டா" என்றார் அக்கா, ஏதோ தப்புச் செய்த பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரலில். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது சாறு சாருக்கு.

டாக்டரம்மா வெளியே போனதும் அவர் பின்னாலேயே ஓடினார். நடைபாதையில் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "அக்கா பொய் சொல்றாங்க டாக்டரம்மா. நான்தான் நிறுத்தச் சொன்னேன். நான்தான் இலைச்சாறு குடுத்தேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "எந்த இலை? எவ்வளவு குடுத்தீங்க? ரத்தப் பரிசோதனையில சேத்துப் பாக்கணும்" என்று பேனாவை எடுத்தார். சாறு சார் சொன்னார். எழுதிக்கொண்டே வந்தவர் அளவைக் கேட்டதும் நிறுத்தினார். "இந்த அளவு யாரு சொன்னது?"

"எலி..." என்றார் சாறு சார். 

டாக்டரம்மா போய்விட்டார். கூட நின்ற நர்ஸம்மா போகவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஓர் அடி கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏன் சார், அந்த இலை நிஜமாவே தொப்பையைக் குறைக்குமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாறு சாரிடம் பதில் இல்லை.

அக்கா பிழைத்துக்கொண்டார். இரண்டு மாத்திரையும் திரும்பி வந்தன, வீக்கம் மெதுவாக வடிந்தது, முகம் பழையபடி உருண்டது. நூற்று நாற்பது ஜோடியில் எண்பது வேறொரு கடைக்குப் போய்விட்டன. வலதுகை நடுவிரல் மட்டும் மடங்கவில்லை. இனிமேல் மடங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "கத்தரிக்கோல் பிடிக்க அது ஒண்ணுதானா விரல்? மத்தது இருக்கில்ல, விடுடா" என்று அக்கா சொன்னபோது, சாறு சார் கடை வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதார். மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, உள்ள வந்து அழுங்க" என்றாள். அவளிடமிருந்து அவ்வளவு கிடைத்ததே பெரிது.

மனிதர் திருந்திவிட்டார். அச்சகத்துக்கு வெறும் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். சரி, ஒரு பீடை ஒழிந்தது, அச்சகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து மெஷின்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி மேலே வந்தார். எழுத்துக் கோக்கிற அம்மாள் கையை நிறுத்தினார். மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தார். எல்லோரும் சாறு சாரைப் பார்த்தார்கள்.

"டாக்டரைப் பாருங்க" என்றார் சாறு சார்.

"அது எனக்குத் தெரியாதா? அதுக்கா அஞ்சாவது மாடிக்கு வந்தேன்? ஏதாவது ஒரு இலை சொல்லுங்க சார்."

"எனக்குத் தெரியாதுங்க."

மெஷின்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. "அக்காவுக்குன்னா குடுத்தீங்க. எங்களுக்குன்னா வாய் வராது" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். மேனேஜர் கதவைப் படாரென்று சாத்தினார். அந்த வாரம் முழுக்க யாரும் சாறு சாரோடு சரியாகப் பேசவில்லை, பெரிய மனுஷனாகிவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த வாரம் சீட்டு மடிக்கிற பகுதியில் இருக்கிறவர் ஒரு பாட்டிலோடு வந்தார். உள்ளே இருந்தது பழுப்பு நிறம், ஏதோ வேராம். அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் டம்ளரோடு நின்றார்கள். எழுத்துக் கோக்கிற அம்மாளும் நின்றார், எலியைப் பற்றிக் கேட்டாரே, அதே அம்மாள்தான்.

ஆகவே இந்த இனம் வாயால் வாழ்கிறது என்று இத்தனை நேரம் நான் சொல்லிக்கொண்டு வந்தது தப்பு. அது காதுகளால்தான் வாழ்கிறது.

சாறு சாரின் கதையை, நாலு பேர் எச்சரிக்கையாக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணத்தில், இதுவரை பதினோரு பேரிடம் சொல்லியிருக்கிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தக் கடை இப்ப எப்படி நடக்குது? அக்காவால வேலை செய்ய முடியுதா?" என்று கேட்டவர் ஒரே ஒருவர். மற்ற பத்துப் பேரும் உச்சுக் கொட்டினார்கள், தலையை ஆட்டினார்கள், "இப்படியும் ஒரு ஆளா!" என்றார்கள், பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, கிட்டே வந்து, ஒரே மாதிரி கேட்டார்கள்: "அதெல்லாம் சரி, அது என்ன இலை?"

நீங்கள் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை, எனக்குத் தெரியும். சும்மா, அந்தப் பெயர் எங்கேயாவது விட்டுப்போயிற்றோ என்று மேலே போய் ஒரு தடவை தேடிப் பார்த்தீர்கள், அவ்வளவுதானே?